இரண்டு கல் படுக்கைகள்

புதுக்கோட்டைக்கு ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே 20 கிலோமீட்டரில் இருக்கும் திருமயத்தில் பொழுதைக் கழித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் வடமேற்கே சித்தன்னவாசலை எட்டிப் பார்க்கிறார்கள். வரிசையில் குறையில்லை. நேரத்தைப் பங்கிடுவதில்தான் தவறு.

இரண்டுமே பாறை ஊர்கள். இரண்டிலும் மனிதர்கள் பாறையைப் படுக்கையாக்கியிருக்கிறார்கள்.

திருமயத்தில் படுத்திருப்பவர் பெருமாள். மலையடிவாரக் குடைவரையில், பாறையோடு ஒட்டிய பேருருவம். ஆதிசேடன் கக்கும் அனல் தாளாமல் மது, கைடபர் என்ற அசுரர்கள் ஓடுகிறார்கள். பெருமாளோ தம் பாட்டுக்கு உறங்குகிறார். பக்கத்திலேயே சிவனுக்கும் ஒரு குடைவரை. மேலே, 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. உச்சிக் கொத்தளத்தில் பீரங்கிக்கு அருகே நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கக் காலடியில் விரியும். ஏறிய களைப்புக்கு உடனே பலன் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பிடிப்பதில் வியப்பில்லை.

சித்தன்னவாசல் அப்படி எதையும் சட்டென்று கொடுப்பதில்லை. அங்கே ஏழடிப்பட்டம் என்னும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனால், இயற்கைக் குகையில் வழவழப்பான 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள், அதுவே தலையணை. பாம்பணையின் சொகுசெல்லாம் இங்கே கிடையாது. சமண முனிவர்கள் வெறும் உடம்போடு கிடந்த இடம். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்தது என்று ஒரு படுக்கையின் தமிழ் பிராமி எழுத்து சொல்கிறது. பேரரசர் பட்டயம் படித்த எனக்கு அந்தச் சிறு வரியே பெரிதாகத் தெரிகிறது: எங்கிருந்தோ நடந்துவந்த துறவிக்கு ஓர் இடம், அதைச் செய்துகொடுக்க ஓர் ஆள்.

அதே மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரைக் குளம். மீன், யானை, எருமை எல்லாம் இலைகளுக்கு நடுவே. ஒருவர் கூடையோடு பூப் பறிக்கிறார். இன்னொருவர் தாமரைக் கொத்தைத் தோளில் சாய்த்திருக்கிறார். நோன்பிருந்து உண்ணாமல் கிடந்த முனிவர்கள் வாழ்ந்த மலையில் இவ்வளவு செழிப்பான குளம்! நிறைய உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதும் கண் இருட்டுக்குப் பழகிய பிறகே துலங்கும். ஐந்து நிமிடத்தில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவர்களுக்குக் கறை படிந்த சுண்ணாம்புதான் தெரியும். கருவறைக்குள் 'ம்' என்று முனகிப் பாருங்கள், அறையே திருப்பி முனகும்.

ஆகவே கோயில் நடை சாத்துவதற்குள் திருமயத்தை முடித்துவிடுங்கள்; வெயிலுக்கு முன் கோட்டை ஏறிவிட்டால் இரண்டு மணி நேரம் தாராளம். மதியத்துக்குப் பிறகு முழுப் பொழுதையும் சித்தன்னவாசலுக்குக் கொடுங்கள். அறிவர் கோயில் மேற்கு பார்த்தது. சாயும் வெயிலில்தான் உள்ளே வெளிச்சம் கூடும்.