மலையோர நாட்டில் மகப்பேற்றுத் துணை

திருச்சிராப்பள்ளி மலைமேல் கோயில் கொண்டுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வந்த வரலாறு தமிழ் மக்கள் பலரும் அறிந்ததே. பேறுகாலம் நெருங்கிய மகளிடம் செல்லப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அத்தாயின் வடிவில் இறைவனே வந்து அப்பெண்ணுக்குப் பேறு பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி. அக்கதை மருந்தைப் பற்றிப் பேசவில்லை. அருகில் இருந்த தாயைப் பற்றியே பேசுகிறது. பேறுகாலத்துப் பெண்ணுக்கு முதல் தேவை யாது என்பதை நம் முன்னோர் தெளிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் இயற்கைப் பிரசவம் என்னும் சொற்றொடர் நகரங்களில் பெரிதும் வழங்குகிறது. மயக்க மருந்தும் அறுவையும் இன்றிப் பிள்ளை பெறுவதே அதன் பொருள் எனப் பலர் கருதுகின்றனர். மருந்து இல்லாமை அதன் ஒரு பாதியேயாகும். மருந்தின் இடத்தில் எது இருந்தது என்பதே மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாற்றை, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைப்புற நாட்டை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் மருங்கில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களும், கோவையை அடுத்த ஆனைகட்டிக்கு அப்பால் அட்டப்பாடி மலைநாடும் உள்ளன. ஆனைமலைத் தொடரைக் கடந்து தெற்கே சென்றால் மறையூர், மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய இடுக்கிப் பகுதிகளை அடைகிறோம். உடுமலைப்பேட்டையும் போடிநாயக்கனூரும் கம்பமும் அவற்றின் கீழ்ச்சரிவில் அமைந்தவை. 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் பிறந்தபோது இரு பகுதிகளும் ஒரே மாநிலத்துள் அடங்கின. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். ஆட்சிகள் மாறினும், இம்மலையோரத்தில் தமிழ் பேசும் தாய்மார் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

அவர்களுக்குத் துணை நின்றவள் மருத்துவச்சி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்களே இத்தொழிலைத் தாயிடமிருந்து மகள் கற்றுச் செய்து வந்தனர். மலையாளத்தில் இவளை வயற்றாட்டி என்றும் பதிச்சி என்றும் கூறுவர். மருத்துவச்சி என்ற சொல் மருத்துவம் செய்பவள் எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் மிட்வைஃப் என வழங்கும் சொல்லின் பழம்பொருளோ 'பெண்ணுடன் இருப்பவள்' என்பதாகும். ஒரு மொழி அவளது கைத்திறனைச் சுட்டிற்று. மற்றொரு மொழி அவளது துணைமையைச் சுட்டிற்று. இவ்விரண்டும் சேர்ந்ததே அவள் பணி. வலி கண்ட பெண்ணை நடக்கச் சொல்வாள், குந்தியும் சாய்ந்தும் அவளுக்கு இசைந்த நிலையில் இருக்க விடுவாள், இடுப்பை எண்ணெயிட்டு நீவுவாள், வெந்நீர் ஊற்றுவாள், இன்சொல் கூறி அச்சம் போக்குவாள். பிள்ளை பிறந்த பின்னரும் தாயையும் சேயையும் குளிப்பாட்டும் பணி அவளுடையதே.

ஆயினும் பழமையை மட்டும் போற்றி நிற்றல் நேர்மையாகாது. கை கழுவும் முறையும் கருவி கொதிக்க வைக்கும் முறையும் பரவாத காலம் அது. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடி அறுத்ததால் இசிவு நோய் கண்டு மடிந்த குழவிகள் பல. குருதிப் பெருக்கும் பிரசவச் சன்னியும் கண்டபோது, எத்துணை அன்புடைய மருத்துவச்சியாலும் செய்யத்தக்கது சிறிதே. 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவினர், இந்தியாவில் ஆயிரம் பேறுகளுக்குச் சுமார் 20 தாய்மார் இறந்தனர் என மதிப்பிட்டனர். ஒவ்வொரு பேறும் மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சன்று.

இக்குறையைப் போக்க ஆட்சியாளர் முற்பட்டனர். சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கப் பெற்றது. பத்தாண்டுக்குப் பின் 1854இல் அங்கே பேறு பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சியும் ஏற்பட்டது. 1926இல் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தில் இருந்தமையால் அதற்கும் இச்சட்டம் உரியதாயிற்று. திருவிதாங்கூரில் இப்பணிக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார். திருவனந்தபுரம் தைக்காட்டு மருத்துவமனையில் 1916 முதல் பணியாற்றிய அவர், பரம்பரை வயற்றாட்டிகளைப் பகைத்து ஒதுக்கவில்லை. அவர்களுடைய பெண்மக்களையே அழைத்துப் புதிய முறையில் பயிற்றுவித்தார். ஊராரின் நம்பிக்கையும் புதிய அறிவும் ஒரே கையில் சேர வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. அவ்வழி எங்கும் பின்பற்றப் பெற்றிருப்பின், பிற்கால வரலாறு வேறாக இருந்திருக்கும்.

இனி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வருவோம். 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்க் கங்காணிமார் வழியே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். அங்கே லயங்களில் குடியேறிய பெண், இன்று டில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம் மகளிரைப் போலவே, தாய்வீட்டைப் பிரிந்தவள். பக்கத்து வீட்டுக்காரியே அவளுக்குத் தாயானாள். நாடு விடுதலை பெற்றபின் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டந்தோறும் மருத்துவ வசதியும், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகமும் அமைத்தல் கடமையாயிற்று. 1961இல் வந்த பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளித்தது. 2017இல் அது முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. ஓய்வும் உணவும் இயற்கையான பேற்றுக்கு அடிப்படை என்பதால் இச்சட்டங்களும் நம் வரலாற்றில் இடம்பெறுவனவே.

அவ்வடிப்படை இல்லாவிடத்து நேர்வது யாது என்பதை அட்டப்பாடி நமக்கு உணர்த்துகிறது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் அம்மலையில் 2013இல் பச்சிளங் குழந்தைகள் பல இறந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் ஊட்டக்குறைவும் குருதிச் சோகையும் காரணங்களுள் முதன்மையாகக் கூறப்பட்டன. நிலம் கைவிட்டுப் போக, கேழ்வரகும் சாமையும் விளைந்த மலைச்சரிவுகள் குறைந்தன. அரிவாள்செல் நோயும் அங்கே காணப்படுவது. இத்தகைய உடல்நிலையில் உள்ள பெண்ணிடம் இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று கூறுவது கொடுமையாகும்.

இடுக்கியின் இடமலைக்குடியோ வேறொரு பாடம் புகட்டுகிறது. மதுரையிலிருந்து மலையேறியவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் முதுவான்கள் வாழும் அவ்வூர், 2010இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கே மாதவிலக்கிலும் பேற்றிலும் பெண்கள் வாலாய்மைப்புரை என்னும் தனிக்குடிலில் தங்குவது மரபு. இம்மரபைத் தீட்டு என்னும் கருத்தோடு பிணைத்தது குறையே. எனினும், தம்மொழி பேசும் தம்மினப் பெண்கள் சூழ ஒதுக்கமாக இருக்கும் இடம் என்ற வகையில் அதில் ஒரு நயமும் உண்டு. காட்டுவழியே சுமந்து கொணரப்பட்டு, அறிமுகமற்றோர் நடுவே பிள்ளை பெறும் முதுவாப் பெண்ணுக்கு இழப்பு ஏதும் இல்லை என்று யார் கூறுவர்?

இவ்வாறு பேறு வீட்டைவிட்டு மருத்துவமனைக்குச் சென்றதால் நாம் பெற்றது பெரிது. 2018-20ஆம் ஆண்டுக் கணக்குப்படி கேரளத்தில் இலட்சம் பேறுகளுக்கு இறந்த தாய்மார் 19 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். அன்று ஆயிரத்துக்கு 20. இன்று இலட்சத்துக்கு 19. இதனைச் சாதித்த மருத்துவத்தையும் செவிலியரையும் கைகூப்பி வணங்குதல் தகும். ஆனால் இழந்ததும் உண்டு. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அறுவையால் நிகழ்ந்த பேறுகள் கேரளத்தில் நூற்றுக்கு 38.9, தமிழ்நாட்டில் 44.9. உலக சுகாதார நிறுவனமோ, நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுவை மிகுவதால் ஒரு நாட்டில் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதாகக் காணவில்லை என 2015இல் கூறியுள்ளது. மேலும், தாயும் பாட்டியும் பிரசவ அறையின் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பெண் உள்ளே தனியளானாள்.

மேனாட்டிலும் இதே கதைதான். 1847இல் எடின்பரோவில் சிம்சன் பேறுகால வலிக்குக் குளோரோபாரம் அளித்தார். 1853இல் விக்டோரியா அரசியாரே அதனை ஏற்றார். மருந்து பெருகப் பெருக அதற்கு மறுமொழியும் எழுந்தது. 1933இல் கிராண்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கில மருத்துவர், அச்சம் உடலை இறுக்குகிறது, அவ்விறுக்கம் வலியை மிகுவிக்கிறது என்று எடுத்துரைத்தார். இயற்கைப் பிரசவம் என்ற பெயரைப் பரப்பியவர் இவரே. அச்சம் போக்குவதே மருந்து என்பதை நம் மருத்துவச்சி நூல் படியாமலே அறிந்திருந்தாள். 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த அறிக்கை ஒன்று இக்கருத்தை உறுதி செய்தது. பேறு முழுவதும் ஒருவர் இடைவிடாது துணையிருந்தால் அறுவையும் வலிமருந்தும் குறைகின்றன, பேற்று நேரமும் சற்றே குறுகுகிறது என்பதே அதன் முடிவு.

ஆகவே, வெளியேற்றப்பட்ட துணையை மீண்டும் உள்ளே அழைக்கும் முயற்சி தொடங்கியுள்ளது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பேற்றுத் துணைவர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் மத்திய அரசும் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2018 டிசம்பரில் பேறுகாலச் செவிலியர் சேவைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் வெளியாயின. இயல்பான பேற்றைத் தாமே பொறுப்பேற்று நடத்தவல்ல தனிப்பயிற்சி பெற்ற செவிலியரை உருவாக்குவதே அவற்றின் நோக்கம். பழைய மருத்துவச்சியின் துணைமையும் புதிய மருத்துவத்தின் தூய்மையும் சேர்ந்த உருவம் இது. மேரி அம்மையார் கண்ட வழிக்கு நாடு திரும்பி வருகிறது எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளந்தாய், மருத்துவ உதவியின்றி, காணொளிகளின் துணையால் வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று குருதிப் பெருக்கால் உயிரிழந்தார். இது நம் மரபன்று. நம் மரபில் பெண்கள் பொதுவாகக் கைதேர்ந்தவள் துணையோடே பிள்ளை பெற்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இச்செய்தி பெரிதும் உரியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது எல்லார்க்கும் இயல்வதன்று. வேற்றூரில் பெறுவதாயின், மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போதே சிலவற்றைக் கேட்டறிதல் நலம். பேறு முழுவதும் துணையாக ஒருவரை உள்ளே விடுவார்களா? வலியின்போது நடக்கவும், விரும்பிய நிலையில் இருக்கவும் இடம் தருவார்களா? தேர்ந்த பேறுகாலச் செவிலியர் உளரா? அறுவை தேவையானால் உடனே செய்யும் வசதியும் குருதி வசதியும் அருகில் உண்டா? இந்நான்கிற்கும் ஆம் என விடை கிடைக்குமிடமே நல்ல இடம். அந்தத் துணைவர் தமிழ் பேசுபவராயின் இன்னும் நன்று. எத்தனை மொழிகள் பயின்றிருப்பினும், வலி மிகும் வேளையில் நாவில் எழுவது தாய்மொழியே. அதனைப் புரிந்துகொண்டு, கைப்பற்றி, 'இதோ ஆயிற்று, அம்மா' என்று சொல்ல ஒருவர் அருகிருந்தால், அதுவே அப்பெண்ணுக்குத் தாய்வீடு ஆகும்.