டாங்கி இல்லை... ஆனா பீரங்கி டாங்கியோடது! ஜெர்மன் பீரங்கியை கண்டுபிடிப்பது எப்படி? காஞ்சிபுரத்துக்கு என்ன தொடர்பு?

வல்லம் வடகால் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும். ஒரு பார்ட் எந்த வண்டியில் மாட்டியிருக்கு என்பது வேறு, அது எந்த வண்டிக்காக செய்யப்பட்டது என்பது வேறு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி கட்டிய பதுங்கு அரண்களிலும் இதே கதைதான்.

டாங்கி பீரங்கி அரணுக்கு வந்தது ஏன்?

ஜெர்மனியின் பான்சர் 3 டாங்கியில் இருந்தது 5 செ.மீ பீரங்கி. ரஷ்யாவின் டி-34 டாங்கிக்கு முன்னால் அது எடுபடவில்லை. தூக்கிப் போடாமல், பிரான்ஸ் கடற்கரையில் கான்கிரீட் அரண்களில் தூண் மாதிரியான பீடத்தில் பொருத்தினார்கள். பாந்தர் டாங்கியின் டரெட்டை (சுழலும் மேல்பகுதி) அப்படியே தரையில் பதித்ததும் உண்டு. கீழே வீரர்கள் தங்க ஒரு அறை, மேலே டரெட் மட்டும்!

எப்படி அடையாளம் காண்பது?

* பெயர்: 'கே.டபிள்யூ.கே' என்றால் டாங்கி பீரங்கி. 'பாக்' என்றால் சக்கரத்தில் இழுத்துச் செல்லும் டாங்கி எதிர்ப்பு பீரங்கி.

* நீளம்: 'எல்/42' என்றால் குழல் விட்டத்தைப் போல 42 மடங்கு நீளம். 5 செ.மீ பீரங்கியில் இது 2.1 மீட்டர். எல்/60 என்றால் 3 மீட்டர். பாந்தரின் 7.5 செ.மீ எல்/70 பீரங்கி 5.25 மீட்டர்.

* குழல் முனை: 5 செ.மீ 'பாக் 38' பீரங்கியின் முனையில் மஸில் பிரேக் என்ற துளையுள்ள உறை இருக்கும். பான்சர் 3-ன் 5 செ.மீ பீரங்கியில் இருக்காது. பாந்தரில் இருக்கும்.

* டரெட் கூரை: அரணுக்காகவே செய்த பாந்தர் டரெட்டில் கமாண்டர் எட்டிப் பார்க்கும் உருளைக் கூண்டு கிடையாது, தட்டையான மூடிதான். மேலிருந்து விழும் குண்டைத் தாங்க கூரையும் தடிமனாக இருக்கும்.

நமக்கு என்ன தொடர்பு?

காஞ்சிபுரம் மாவட்டம் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு வீரர். இத்தாலியில் காசினோவுக்கு தெற்கே மிக்னானோ அருகே, 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். ஒரு வெடி மிதிபட்டதும், சில விநாடிகளில் அதன் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் உயிர் போனது. மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

மிக்னானோ வழியாக ரோமுக்குப் போகும் அதே பாதையில், 3 மாதம் கழித்து நேச நாட்டுப் படைகள் ஹிட்லர் கோட்டை எட்டின. அங்கே தரையில் பதிந்திருந்தது பாந்தர் டரெட்! மே 23 தாக்குதலில் பல சர்ச்சில் டாங்கிகள் அவற்றுக்கு பலியாகின. தரையோடு தரையாக இருந்ததால், அருகில் வரும்வரை கண்ணில் படவே இல்லை.

அதனால்தான் இந்த அடையாளம் முக்கியம். 'பழைய இரும்பு' என்று கடந்து போகும் பீரங்கி எது என்று தெரிந்தால்தான், நம்மூர் ஆட்கள் எப்படிப்பட்ட அரண்களுக்கு வழி திறந்து கொடுத்தார்கள் என்பதும் புரியும்.