மீட்பு வட்டு: வெளியிலிருந்து வரும் கயிறு

2000-களின் நடுவில் நான் வேலை பார்த்த சின்ன ஆபீசில், கணக்கு வழக்கு எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய ஒரே கணினியில் இருந்தது. பேக்கப் என் பொறுப்பு. அதில் 'ஆட்டோமேட்டட் சிஸ்டம் ரெக்கவரி' என்று ஒரு வசதி உண்டு. முழு சிஸ்டத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் எழுதி முடித்ததும், கடைசியில் ஒரு ஃப்ளாப்பி கேட்டது. அந்தக் கணினியில் ஃப்ளாப்பி டிரைவே கிடையாது. "இந்தக் காலத்துல ஃப்ளாப்பியா!" என்று சிரித்துவிட்டு கேன்சல் அடித்தேன்.

சில மாதங்களில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் மாட்டி, எக்ஸ்பி சிடியில் பூட் செய்து, எஃப்2 அழுத்தினேன். ஃப்ளாப்பியைப் போடு என்றது திரை. பேக்கப் பத்திரமாகக் கையில் இருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. கடைசியில், ஓரங்கட்டிய பழைய கணினியிலிருந்து ஒரு டிரைவைக் கழற்றி மாட்டினேன். பேக்கப்புக்குள் 'ரிப்பேர்' ஃபோல்டரில் இருந்த இரண்டு குட்டி ஃபைல்களை வேறொரு கணினியில் பிரித்தெடுத்து ஃப்ளாப்பியில் போட்டேன். டிஸ்கை எப்படிப் பிரிப்பது என்பது போன்ற விவரங்கள் அவற்றில்தான் இருந்தன. ஒரு ராத்திரி முழுக்கப் போனது. தப்பு என்னுதுதான்.

ஏன் ஃப்ளாப்பி என்ற கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. தேடிப் போனால் கதை ஐபிஎம்மில் தொடங்குகிறது.

சிஸ்டம்/370 வரிசையில் மைக்ரோகோடை செமிகண்டக்டர் நினைவகத்தில் வைக்கத் தொடங்கினார்கள். மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். திருத்தம் வந்தால் வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்பும்படி மலிவாகவும் இருக்க வேண்டும். அதற்காக டேவிட் நோபிள் குழு உருவாக்கியதுதான் 8 அங்குல ஃப்ளாப்பி. 1971-ல் வந்தது, சுமார் 80 கிலோபைட். இயந்திரம் அதைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. நாம் டேட்டா சேமிக்கப் பயன்படுத்திய எழுதும் ஃப்ளாப்பி, 1973-ல் ஐபிஎம் 3740-உடன்தான் வருகிறது. அதாவது ஃப்ளாப்பி பிறந்ததே பூட் வட்டாகத்தான்! சேமிப்பு பிற்பாடு கிடைத்த வேலை.

அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. 1995-ல் சிடியிலிருந்து பூட் செய்ய ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 'எல் டொரிட்டோ' என்ற வரையறையை வெளியிட்டன. அதில் ஒரு வழி, சிடிக்குள் 1.44 எம்பி ஃப்ளாப்பியின் பிம்பத்தை வைத்து, இது ஃப்ளாப்பிதான் என்று பயாஸை நம்பவைப்பது. 2000-ல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், முழு லினக்ஸையே சிடியிலிருந்து ஓட்டியது. செத்த கணினியிலிருந்து ஃபைல்களை மீட்க எத்தனை பேருக்கு அது கைகொடுத்தது! பிறகு பென் டிரைவ் அந்த இடத்தைப் பிடித்தது. அப்புறம் மீட்பு மென்பொருளை டிஸ்கிலேயே ஒரு பார்ட்டிஷனில் வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். வெளி வட்டின் காலம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

2024 ஜூலை 19 வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நெட்வொர்க் வழியாகச் சரிசெய்யலாமென்றால், பல கணினிகள் நெட்வொர்க் வரைக்கும் எழும்பவே இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, சி-00000291 என்று தொடங்கும் ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் சுலபமாக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது என்ன தெரியுமா? யுஎஸ்பியில் போட்டு பூட் செய்யும் மீட்புக் கருவி. அப்போதும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ வேண்டும். அந்தக் கீயை, விழுந்த சர்வரிலேயே வைத்திருந்தவர்களின் பாடு திண்டாட்டம்.

கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு மேலேயிருந்துதான் வர வேண்டும். 1971-லும் அதுதான், 2024-லும் அதுதான். மீட்பு எவ்வளவு தானியங்கியாக இருந்தாலும், அதைத் தொடங்கி வைக்கும் துண்டு கணினிக்கு வெளியே இருக்கணும்.

உங்கள் வீட்டிலும் ஒரு மீட்பு பென் டிரைவ் எங்கேயாவது கிடக்கும். இந்த வாரம் அதில் ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். பிட்லாக்கர் கீயைத் தாளில் எழுதி வையுங்கள். நான் கேன்சல் அடித்தது போல அடித்துவிடாதீர்கள்.