பம்பரின் நிறம் ஏன் ஒத்துப்போவதில்லை?

வெள்ளி நிறத்தில் மின்னும் புதிய மோட்டார் கார் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று கவனித்துப் பாருங்கள். முன்சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் மட்கார்டுத் தகடும், அதை ஒட்டிச் செல்லும் பம்பரும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். பல கார்களில் அந்தக் கோட்டுக்கு இப்பால் ஒரு வெள்ளி, அப்பால் சற்றே மங்கிய வேறொரு வெள்ளி!

கடன் வாங்கிக் கார் வாங்கியவருக்கு இது சிறிய செய்தி அன்று. "எங்கோ இடிபட்ட வண்டிக்குப் பெயின்ட் அடித்து நம் தலையில் கட்டிவிட்டார்களோ?" என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. பட்டறையில் பம்பருக்குப் பெயின்ட் அடித்த தொழிலாளிக்கோ வேறு கவலை. "நிறம் சேரவில்லை, கூலி தரமாட்டேன்" என்று வாடிக்கையாளர் நின்றுகொண்டால் அவருடைய ஒரு நாள் உழைப்பு வீண்.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? இதற்கு விடை காண, நிறத்தை அளக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையும் பம்பர் மாறிவந்த வரலாற்றையும் அறிய வேண்டும். இவ்விரண்டும் தொட்டுச் செல்லும் ஓர் இடம் வடசென்னையில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முழக்கோலுக்கு எட்டாத அளவு

தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூருக்குச் செல்லும் வழியில் காலடிப்பேட்டை உள்ளது. 2021-இல் இங்கு மெட்ரோ ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. ஊரின் பெயருக்கும் காலடிக்கும் தொடர்பு ஏதும் இல்லை. 1717 முதல் 1720-இன் தொடக்கம் வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். நெசவாளர்களைக் குடியமர்த்த அவர் உருவாக்கிய ஊர் காலெட் பேட்டை எனப்பட்டது. அப்பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் வாங்கிய முதன்மையான சரக்கு துணி. வெள்ளைத் துணியோடு, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய வண்ணத் துணிகளும் சித்திரத் துணிகளும் கப்பலேறின. நெய்து வந்த துணிகளை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது கம்பெனியின் வழக்கம். மாதிரிக்குக் குறைந்தால் விலை குறையும். சில வேளைகளில் துணி திருப்பியும் அனுப்பப்படும்.

நீளத்தையும் அகலத்தையும் முழக்கோலால் அளந்து வழக்கைத் தீர்த்துவிடலாம். இழைகளைக்கூட எண்ணிவிடலாம். நிறத்தை எதனால் அளப்பது? காலையில் பார்த்தவர் "சேர்கிறது" என்பார். மாலையில் பார்த்தவர் "சேரவில்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதை அறிவியல் நிறுவுவதற்கு இன்னும் 200 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நிறத்துக்கு எண் கிடைத்தது

வெள்ளொளி பல நிறங்களின் கலவை என்பதை நியூட்டன் 1672-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அது தன்மேல் விழும் ஒளியில் சிவப்புப் பகுதியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதே. ஆகவே விழும் ஒளி மாறினால் தோன்றும் நிறமும் மாறும்.

பாரிசில் கோப்ளான் திரைச்சீலை ஆலையின் சாயப்பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் செவ்ரல் என்னும் வேதியியலார். கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்ற புகார் அவரிடம் வந்தது. அவர் ஆராய்ந்ததில் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்களே கறுப்பை வெளிறிக் காட்டின! ஒரு நிறத்தின் தோற்றத்தை அதன் அண்டை நிறம் மாற்றிவிடுகிறது என்ற இந்த உண்மையை 1839-இல் அவர் நூலாக வெளியிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேக்ஸ்வெல், மூன்று அடிப்படை ஒளிகளைத் தக்க அளவில் கலந்து பிற நிறங்களுக்கு இணை காணலாம் என்று சோதனைகளால் காட்டினார். அதே வழியில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் தனித்தனியே சோதனைகள் நடத்தினர். மொத்தம் 17 பேரின் கண்களே அளவுகோல்! அம்முடிவுகளைக் கொண்டு 1931-இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் "சராசரி மனிதக் கண்" ஒன்றை எண்களால் வரையறுத்தது. 1976-இல் அதே ஆணையம், இரு நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை ஒரே எண்ணாகக் கூறும் முறையைப் பரிந்துரைத்தது. பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது, அந்த எண் 1-ஐ ஒட்டி வந்தால் பழகிய கண் வேறுபாட்டைக் கண்டுகொள்ளத் தொடங்கும் என்பது தோராயமான கணக்கு.

நிறத்துக்கு முழக்கோல் கிடைத்துவிட்டது. ஆனால் அதே நூற்றாண்டில் பம்பர் வேறு வழியில் மாறிக்கொண்டிருந்தது.

நிறமற்ற பம்பரின் காலம்

காலடிப்பேட்டைக்கு வடக்கே எண்ணூரில், ஆஸ்டின் கார்களை இணைப்பதற்காக 1948-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டது. மறு ஆண்டிலேயே ஆஸ்டின் ஏ-40 கார் அங்கிருந்து வெளிவந்தது. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி, லாரி, பஸ் உற்பத்தியில் இறங்கியது.

ஆஸ்டின் காரின் பம்பர் எஃகுப் பட்டை. அதன்மேல் குரோமியம் முலாம். அம்பாசடர் காரிலும் அப்படித்தான். முட்டினால் அடியை ஏற்பது பம்பரின் வேலை. வண்டியின் நிறத்தைத் தாங்குவது அதன் வேலை அன்று. பச்சைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் ஒரே பளபளப்பான பம்பர் பொருந்தியது. ஆகையால் "நிறம் சேரவில்லை" என்ற புகாருக்கே இடமில்லை.

அதற்கு வேறொரு பகை இருந்தது. முலாம் மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு அத்துளைகளில் புகுந்து, அடியிலுள்ள எஃகை அரிக்கும். எண்ணூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் பம்பர் துருவேறிக் கொப்பளிப்பது எளிது.

திருவொற்றியூரில் 1950-களில் எழுந்த என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட் மோட்டார் சைக்கிளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதன் பெட்ரோல் தொட்டியும் மட்கார்டும் எஃகே. இரண்டும் ஒரே வகைப் பெயின்டைத் தாங்கி, ஒரே வகைச் சூட்டில் காயக்கூடியவை. நிறம் சேர்வதற்கு இது பெரிய வசதி. இந்த வசதியைத்தான் கார் பின்னர் இழந்தது.

பிளாஸ்டிக் வந்தது

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் போண்டியாக் ஜி.டி.ஓ. கார், உடலின் நிறத்திலேயே அமைந்த, இடித்தால் நெளிந்து மீளும் முன்பம்பருடன் வந்தது. 1972-இல் பிரான்சின் ரெனோ-5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது. அதற்குப் பெயின்ட் இல்லை, சாம்பல் நிறமே. அதே ஆண்டு செப்டம்பர் முதல், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் சேதமடையாதபடி பம்பர் அமைய வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எடையைக் குறைக்கும் தேவையும் சேர்ந்தது. மெல்ல மெல்ல எஃகுப் பட்டை உள்ளே மறைந்து, வெளியே பிளாஸ்டிக் உறை தோன்றியது.

இந்தியாவில் மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் நம் சாலைகளில் ஓடிய அக்கார்களில் கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர்களைக் கண்டோம். கறுப்புப் பம்பருக்கும் நிறம் சேர்க்கும் தொல்லை இல்லை. 1990-களில் பல புதிய நிறுவனங்கள் வந்து போட்டி மிகுந்தபோது, உடலின் நிறத்திலேயே பம்பர் என்பது கௌரவத்தின் அடையாளம் ஆயிற்று. அழகுக்காகச் செய்த இந்த மாற்றமே நம் வழக்கின் மூலம்.

இரண்டு சூளைகள்

காரின் எஃகு உடல் தொழிற்சாலையில் முதலில் மின்னேற்ற முறையில் அடிப்பூச்சு பெறுகிறது. அது ஏறத்தாழ 160° முதல் 180° செ. வரை சூடேற்றப்படுகிறது. மேல்பூச்சும் ஏறக்குறைய 140° செ. வெப்பத்தில் சூளையில் காய்கிறது.

பெரும்பாலான பம்பர் உறைகள் பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கியது போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கிடைக்கும் புரொப்பிலீன் வாயுதான் இதன் தாய்ப்பொருள். பாலிபுரொப்பிலீன் 165° செ. அளவில் உருகும், அதற்கு முன்பே தளர்ந்து வளையும். எனவே உடலோடு சேர்த்து அதைச் சூளைக்கு அனுப்ப முடியாது. பெரும்பாலும் அது வேறிடத்தில், வேறு பெயின்டால் பூசப்பட்டு, 80° முதல் 90° செ. வரையிலான வெப்பத்தில் காய்கிறது. அந்தப் பெயின்ட் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் பம்பர் நெளியும்போது வெடித்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் எளிதில் ஒட்டாது என்பதால் தனி அடிப்பூச்சும் தேவை.

ஆக, நிறத்தின் பெயர் ஒன்று. பிசின் வேறு, அடிப்பூச்சு வேறு, சூடு வேறு.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளி நிறப் பெயின்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை படுக்கையாக அமைந்தால் நேரே பார்க்கும்போது பளிச்சிடும். தாறுமாறாகக் கிடந்தால் மங்கும். செதில் எப்படிப் படிகிறது என்பதை ஸ்பிரே கன்னின் தூரமும் காற்றழுத்தமும் பெயின்டின் ஈரமும் முடிவு செய்கின்றன. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெயின்டையே ஈரமாக அடித்தால் ஒரு நிறமும், சற்று உலர்வாக அடித்தால் வேறு நிறமும் தோன்றும்!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே வெள்ளித்தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுருக்கமின்றி அட்டையில் ஒட்டுங்கள். மற்றதை நன்றாகக் கசக்கி, விரித்து அதன் அருகில் ஒட்டுங்கள். சன்னலருகே நின்று அட்டையைச் சாய்த்துக்கொண்டே பாருங்கள். ஒரு கோணத்தில் முதல் துண்டு வெளுப்பு. மறு கோணத்தில் இரண்டாம் துண்டு வெளுப்பு. செதில் கலக்காத சாதாரண வெள்ளைக் காரில் இந்தத் தொல்லை குறைவு. வெள்ளி, முத்து வெள்ளை போன்றவற்றில் மிகுதி. இதனால்தான் ஆய்வுக்கூடக் கருவிகள் இவ்வகைப் பெயின்டைப் பல கோணங்களில் அளக்கின்றன.

ஒளியும் ஏமாற்றும். வேறு வேறு நிறமிகளைக் கலந்து செய்த இரு பெயின்டுகள் வெயிலில் ஒத்துப்போய், குழல் விளக்கின் கீழ் பிரிந்து தோன்றலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். நிறம் அளவுக்குள் இருந்தாலும், மட்கார்டு செங்குத்தாகவும் பம்பர் கீழ்நோக்கிச் சரிந்தும் இருப்பதால் ஒன்று வானொளியையும் மற்றது தரையொளியையும் காட்டும்.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

புதிய காரைக் கடையின் விளக்கொளியில் பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். பகலில் திறந்த வெளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலிருந்து நேராகவும் சாய்வாகவும் சுற்றி வந்து பாருங்கள்.

முன்பம்பர், பின்பம்பர் இரண்டும் இடம் வலம் இரு பக்கமும் ஒரே அளவில் வேறுபட்டால், அது பெரும்பாலும் தொழிற்சாலையின் வேறுபாடு. ஒரு பம்பர் மட்டும், அல்லது ஒரு மூலை மட்டும் வேறுபட்டால் ஐயுற இடமுண்டு. ரப்பர் விளிம்பிலும் விளக்கின் ஓரத்திலும் பெயின்ட் தூசி படிந்துள்ளதா, போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு உள்ளதா என்று பாருங்கள். எஃகின் மேல் பெயின்டின் கனத்தை அளக்கும் காந்தக் கருவி பிளாஸ்டிக்கில் பயன்படாது. ஆயினும் அருகிலுள்ள மட்கார்டில் வைத்துப் பார்த்தால், அங்கே மறுபூச்சு நடந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும்.

குறை கண்டால் வண்டியை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பின்னர் வழக்காடவும் வழி உண்டு. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டின் சட்டம் இப்போது நடப்பில் உள்ளது.

பெயின்டரின் பக்கம்

பட்டறைத் தொழிலாளியிடம் தொழிற்சாலையின் சூளை இல்லை. இருப்பது கண்ணும் கையும். காரில் ஒட்டியுள்ள நிறக் குறியீட்டைப் பார்த்துப் பெயின்ட் கலந்தாலும், அதே குறியீட்டுக்குள்ளேயே சிறு வேறுபாடுகள் உண்டு. எனவே திறமையான பெயின்டர் முதலில் ஒரு துண்டு அட்டையில் அடித்து, காயவிட்டு, வெயிலில் காரோடு ஒப்பிடுகிறார். தேவையானால் பம்பரோடு நிறுத்தாமல், பக்கத்துத் தகட்டின்மேலும் நிறத்தைச் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையும்படி அடிக்கிறார். கண் விளிம்பில்தான் வேறுபாட்டைக் காண்கிறது. விளிம்பு மறைந்தால் வேறுபாடும் மறைகிறது. அட்டைக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் ஆகும் நேரத்துக்குக் கூலி கேட்டால் அது நியாயமான கூலியே.

அவர் தரும் விலை வேறொன்றும் உண்டு. சூளையின்றிக் காயும் இருகூட்டுப் பெயின்டின் இறுக்கியில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது காற்றில் பரவும் அதன் நுண்துளிகளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும்.

நிறம் சேரவில்லை என்று சண்டையிடுவதற்கு முன், எந்த ஒளியில், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேறுபாடு என்று இரு தரப்பும் சேர்ந்து பார்க்கட்டும். அட்டையில் அடித்த மாதிரியை வெயிலில் வைத்து இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்கினால், கூலியும் குறையாது, மனத்தாங்கலும் வராது. மாதிரியைக் கண்ணால் மட்டுமே பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காலத்தில் காலடிப்பேட்டை நெசவாளருக்கு இல்லாத வசதி இது. நமக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.