அரைக்கம்பம்: கொடி யாருக்காக இறங்குது?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு தலைவர் இறந்துட்டார், தேசியக் கொடியை அரைக்கம்பத்துல பறக்கவிடணும். எப்படிப் பண்ணுவீங்க?

நேரா பாதி வரைக்கும் ஏத்திக் கட்டிட்டா முடிஞ்சதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். தப்பு. முதல்ல கம்பத்தோட உச்சி வரைக்கும் ஏத்தணும். ஒரு கணம் அங்கேயே நிறுத்தணும். அப்புறம்தான் பாதிக்கு இறக்கணும். சாயங்காலம் கொடியை எடுக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோயிட்டுத்தான் கீழே இறக்கணும்.

இந்தப் பழக்கம் கடல்ல இருந்து வந்தது. 1612-ல 'ஹார்ட்ஸ் ஈஸ்'னு ஒரு ஆங்கிலக் கப்பல். கிரீன்லாந்து கரையில ஜேம்ஸ் ஹால் கொல்லப்பட்டதும், அந்தக் கப்பல் கொடியைத் தாழ்த்திக்கிட்டு வந்துச்சு. அரைக்கம்பத்துக்குப் பழைய உதாரணமா வழக்கமா இதைத்தான் சொல்றாங்க. இதுல நம்ம ஊர் கனெக்‌ஷன் ஒண்ணு இருக்கு. இந்த ஹால் அதுக்கு முன்னாடி டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்காகக் கப்பல் ஓட்டினவர். அதே ராஜா காலத்துலதான், 1620-ல, தஞ்சை ரகுநாத நாயக்கர் கூட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க தரங்கம்பாடிக்கு வந்தாங்க.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இப்போ நடைமுறையில இருக்கிறது 2002-ல வந்த ஃபிளாக் கோடு. பேர்லயே கோடு இருக்கு, படிச்சாலும் கோடு மாதிரிதான் இருக்கு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் இறந்தா நாடு முழுக்க அரைக்கம்பம். மக்களவை சபாநாயகர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதின்னா டெல்லியில மட்டும். மத்திய கேபினட் அமைச்சர்னா டெல்லியிலயும் மாநிலத் தலைநகரங்கள்லயும். ஆளுநர், முதலமைச்சர்னா அந்த மாநிலம் முழுக்க. மாநில கேபினட் அமைச்சர்னா அந்த மாநிலத் தலைநகர்ல மட்டும். வேற யாருக்காவதுன்னா உள்துறை அமைச்சகம் தனியா உத்தரவு போடணும்.

இதுல எனக்குப் பிடிச்ச எட்ஜ் கேஸ் இதுதான்: துக்க நாளும் சுதந்திர தினமும் ஒரே நாள்ல வந்தா என்ன பண்றது? கொண்டாட்டம்தான் ஜெயிக்கும். கொடி உச்சியிலதான் பறக்கணும். ஒரே ஒரு விதிவிலக்கு, இறந்தவரோட உடல் இருக்கிற கட்டடம். அங்க மட்டும் அரைக்கம்பம். உடலை எடுத்ததும் அந்தக் கொடியும் உச்சிக்குப் போயிடணும்.

இதைப் படிச்சப்போ, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. நம்ம டெல்டா கிராமங்கள்ல கோயில் தெருவுல ஒரு சாவு விழுந்தா, உடலை எடுக்கிற வரைக்கும் நடை சாத்தியிருக்கும். எடுத்த பிறகு, தெருவைக் கழுவிவிட்டு, நடை திறந்து பூஜை. துக்கம் அந்த வீட்டுல தொடரும், ஆனா ஊருக்கு அது எங்க முடியணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஃபிளாக் கோடு எழுதினவங்களும் கிட்டத்தட்ட அதே கணக்கைத்தான் போட்டிருக்காங்க.

ஆனா ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. அந்த வழக்கம் கோயில் தெருவுக்குத்தான். சேரி ஊருக்கு வெளியே இருந்துச்சு. அங்க விழுற சாவுக்கு நடை சாத்த வேண்டிய தேவையே வரல.

இங்கதான் கீழவெண்மணி வருது. இன்னைக்கு நாகை மாவட்டம், அன்னைக்கு தஞ்சை மாவட்டம். விவசாயக் கூலிங்க செங்கொடிச் சங்கத்துல சேர்ந்து, கூடுதல் நெல்லு கூலியா கேட்டாங்க. மிராசுதாருங்க நெல் உற்பத்தியாளர் சங்கம்னு வெச்சிருந்தாங்க. சண்டை கூலிக்கு மட்டும் இல்ல, கொடிக்கும்தான். செங்கொடியை இறக்கணும், அந்தச் சங்கத்தை விட்டு வரணும்னு நெருக்கினாங்க. இவங்க இறக்கல. 1968 டிசம்பர் 25 ராத்திரி, தாக்க வந்தவங்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சவங்களை உள்ளேயே வெச்சு எரிச்சாங்க. 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. எல்லாருமே தலித் மக்கள்.

அப்போ முதலமைச்சர் அண்ணா. சரியா 40 நாள் கழிச்சு, 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி, பதவியில இருக்கும்போதே அவர் இறந்துபோனார். ஒரு முதலமைச்சர் இறந்தா மாநிலத்துல எல்லா அரசுக் கட்டடத்துலயும் கொடி பாதிக்கு இறங்கும்கிறது விதி. அண்ணாவுக்கு அந்த மரியாதை தகும், அதுல எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா அந்த லிஸ்ட்டைத் திரும்ப ஒருமுறை பாருங்க. அது முழுக்கப் பதவிகளோட பட்டியல். எத்தனை பேர் இறந்தாங்க, எப்படி இறந்தாங்கன்னு ஒரு வரிகூட அதுல கிடையாது.

சரி, அரசு இறக்கலைன்னா நாமளே இறக்கலாமான்னு கேட்டா, அதுவும் முடியாது. 1971-ஆம் வருஷத்துச் சட்டத்துல 2003-ல ஒரு திருத்தம் வந்துச்சு. அதுப்படி, அரசு உத்தரவு இல்லாம தேசியக் கொடியை அரைக்கம்பத்துல பறக்கவிட்டா அது அவமதிப்பு. மூணு வருஷம் வரைக்கும் சிறை கிடைக்கலாம். சொந்தத் தாத்தா இறந்தாலும் உங்க வீட்டு மாடியில இருக்கிற கொடியை நீங்க பாதிக்கு இறக்க முடியாது. தேசத்தோட துக்கம் எதுன்னு முடிவு பண்ற உரிமையை அரசு யாருக்கும் கொடுக்கறதில்ல.

அதனால மக்கள் வேற கொடியைத் தேடிக்கிட்டாங்க. காவிரியில தண்ணி வரலைன்னா டெல்டாவுல வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டுறதை நாமளே பார்த்திருக்கோம். கறுப்புக்கொடிக்கு லிஸ்ட் கிடையாது, உத்தரவும் தேவையில்ல.

வெண்மணியில இன்னைக்கு ஒரு நினைவிடம் இருக்கு. வருஷா வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி அங்க கூட்டம் கூடுது. துக்க நாள்தான். ஆனா அன்னைக்கு அங்க கொடியை இறக்குறதில்ல, செங்கொடியை ஏத்துறாங்க. இறக்கச் சொல்லி அவங்க இறக்காத கொடி அது.