கேஸ் வாசனைக்கு ஒரு வரலாறு உண்டு



மணலிப் பக்கம் இரவில் போயிருந்தால் சுத்திகரிப்பு ஆலையின் உயரக் குழாயில் எரியும் தீயைப் பார்த்திருப்பீர்கள். 1965-இல் மத்திய அரசு, அமெரிக்காவின் ஆமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அது. இன்றைய பெயர் சிபிசிஎல். 1969-இல் ஓடத் தொடங்கியது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் இலேசான புரொப்பேனும் பியூட்டேனும்தான் நம் சிலிண்டரில் இருப்பவை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

இந்த வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நம் மூக்குக்கு எட்டுவது, வேண்டுமென்றே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியின் தரைக்கு அடியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்திருந்தது. பட்டறை வகுப்பில் ஒரு மின்கருவியின் சுவிட்சைப் போட்டார்கள். குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டெக்சாஸில் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

ஆகவே வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்; எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அடித்தள பார்க்கிங்கில் சிலிண்டர் வைக்காதீர்கள் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எண்ணூரில் 2019-இல் திறந்த எல்என்ஜி முனையம் வழியாக வருவது மீத்தேன். அது காற்றைவிட இலேசு, மேலே போகும். குழாய் எரிவாயு இணைப்பு எடுப்பவர்கள் கசிவு அலாரத்தைக் கூரையருகே பொருத்தவேண்டும். சிலிண்டர் வீடுகளில் அது தரையருகே இருக்கவேண்டும். கடைக்காரர் "எங்கே மாட்டினாலும் வேலை செய்யும் சார்" என்பார், நம்பாதீர்கள்.

பி.கு.: ஏ பிளாக் படிக்கட்டின் கீழே நான்கு காலி சிலிண்டர்கள் இருக்கின்றன. காலி என்றாலும் உள்ளே கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும். யாருடையவையோ, இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.