கல்குவாரியில் யார் வேணும்னாலும் வெடி வைக்கலாமா? ‘பிளாஸ்டர்’ ஆவது எப்படி?

ஆரோவில்லில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் திருவக்கரை. கல்மரப் பூங்காவும் வக்ரகாளியம்மன் கோயிலும் இருக்கும் இதே பகுதியில்தான் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. இங்கே பாறையை உடைக்கும் வேலையில் முக்கியமான ஆள் ‘பிளாஸ்டர்’, அதாவது வெடி வைப்பவர். ஆனால், கூட நின்று பார்த்துப் பழகிட்டா மட்டும் இந்த வேலைக்குப் போக முடியாது. சட்டப்படி சான்றிதழ் வேண்டும்.

எங்கே வாங்கணும்?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

* குவாரி, சுரங்கம்: சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் (டிஜிஎம்எஸ்) தரும் பிளாஸ்டர் தகுதிச் சான்றிதழ். இதன் தலைமையகம் தன்பாத். திறந்தவெளி குவாரிக்கு மட்டும் செல்லும் சான்றிதழும் உண்டு.
* சாலை, கிணறு, கட்டுமானம்: பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) தரும் ‘ஷாட் ஃபயரர்’ பெர்மிட். தலைமையகம் நாக்பூர். தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

என்ன தகுதி?

டிஜிஎம்எஸ் தேர்வுக்கு பெரிய படிப்பு தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே குவாரியில் வேலை பார்த்த அனுபவச் சான்று, காது, கண் நல்லா இருக்குன்னு மருத்துவச் சான்று, முதலுதவிச் சான்று ஆகியவையும் வேண்டும். அதனால், உதவியாளராகச் சேரும்போதே வேலை பார்ப்பது பதிவேட்டில் ஏறுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இல்லாவிட்டால், பல வருஷம் உழைத்தாலும் அனுபவச் சான்று கிடைப்பது கஷ்டம்.

வேலையில் என்ன கத்துக்கணும்?

வெடிக்க வைப்பது சில நொடி வேலைதான். அதற்கு முன்னும் பின்னும்தான் அதிக கவனம் தேவை.

* வெடிக்கும் முன் சுற்றிலும் உள்ள அபாயப் பகுதிக்குள் யாரும் இல்லை என உறுதி செய்ய வேண்டும். ஆள் நிறுத்தி வழியை மறித்து, சைரன் கொடுக்க வேண்டும்.
* வெடிக்காமல் போன துளைக்கு உடனே கிட்டே போகக்கூடாது. அதே துளையில் மறுபடியும் டிரில் போடக்கூடாது.
* அதிர்வைக் கணக்கிட வேண்டும். டிஜிஎம்எஸ்-ன் 1997 சுற்றறிக்கைப்படி, குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு வரம்பு நொடிக்கு 5 மில்லிமீட்டர். பழமையான சின்னங்களுக்கு 2 மில்லிமீட்டர்தான். திருவக்கரை மாதிரி பழைய கோயில் இருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

இப்போ என்ன மாறியிருக்கு?

மின்சார டெட்டனேட்டர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு தடை விதித்துள்ளது. இனி எலெக்ட்ரானிக் டெட்டனேட்டர் முறையைக் கற்றுக்கொள்வது அவசியம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே குவாரியின் வெடிமருந்து கிடங்கில் 2024 மே 1-ம் தேதி நடந்த வெடிவிபத்தில் 3 தொழிலாளர்கள் இறந்தனர். கர்நாடகாவின் சிக்கபல்லாபூரில் 2021 பிப்ரவரியில் ஜெலட்டின் குச்சிகள் வெடித்து 6 பேர் பலியானார்கள். இரண்டுமே பாறையை உடைக்கும்போது நடந்தவை அல்ல. வெடிமருந்தை இறக்குவது, வைப்பது, அப்புறப்படுத்துவது எல்லாமே பயிற்சி உள்ளவர் பார்க்க வேண்டிய வேலைதான்.

சம்பளத்தில் ஒரு விஷயம்

எவ்வளவு கல் விழுகிறதோ அதற்கேற்ப கூலி வாங்கும் ஒருவரை பிளாஸ்டராக நியமிக்கக் கூடாது என்கிறது 1961-ம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதி. அதிகக் கல்லுக்கு ஆசைப்பட்டு அதிக மருந்து போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். ‘லோடு கணக்கில் கூலி தர்றோம், நீயே வெடியும் வச்சிடு’ என்று யாராவது சொன்னால், அது விதிமீறல். சான்றிதழ் இல்லாதவர் அந்த வேலையை ஏற்கவே கூடாது.